பெத்தணசாமி கடை மழை

ஆவாரநேந்தல் என்கிற எங்கள் ஊரில் பெத்தணசாமி என்று ஒருவர் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். வைத்திருந்தார் என்ன, இன்றைக்கும் வைத்திருக்கிறார். பரமக்குடியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறி, சீமைக்கருவேலங்காடு முடிகிற இடத்தில் இறங்கி யாரிடம் கேட்டாலும் கையை நீட்டிக் காட்டுவார்கள், காட்டிவிட்டு, "போனதும் பேசாம உக்காந்துருங்க, அவரு என்ன சொன்னாலும் எதுத்துப் பேசாதீக" என்று சேர்த்துச் சொல்லுவார்கள்.

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கூடம், அதற்குப் பின்னால் புகையேறிய ஒரு அடுப்படி, அவ்வளவுதான். பகலில் ஒருவேளை மட்டும் சோறு. வெள்ளாட்டங்கறிக் குழம்பு, எலும்பு ரசம், தொட்டுக்கொள்ள ஏதாவதொரு வெஞ்சனம், மோர். அந்தக் குழம்பைப் பற்றிச் சொல்ல எங்களுக்குத் தெரியாது, தின்றவனுக்கு அன்றைக்கு முழுக்க யார் மேலும் கோபம் வராது என்று மட்டும் சொல்லலாம், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவன் இலையை மூடிவிட்டு நேரே வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சிரித்துப் பேசுவான், வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போன பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டு எழும்போது ஒருவன் கைகழுவ இன்னொருவன் தண்ணீர் மோந்து ஊற்றுவான்.

ஊரின் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டவர் போல பெத்தணசாமி மட்டும் கோபமாகவே இருந்தார். பரமக்குடிக்கு மாற்றலாகி வந்த தாசில்தார் கரண்டி கேட்டபோது, "கை எங்க போச்சு, பழைய ஊர்லயே வச்சுட்டு வந்துட்டீகளா" என்று கேட்டார். செல்போனில் பேசிக்கொண்டே பிசைந்தவனின் இலையை அப்படியே சுருட்டி எடுத்துப்போனார். குழம்பு ஊற்றுமுன் ரசம் கேட்டவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். நன்றாக இருக்கிறது என்று வாய்தவறிச் சொன்னவனும் தப்ப முடியாது, "நான் உங்கிட்டக் கேட்டனா?" என்று ஒரு சத்தம் விழும். அவர் சம்சாரம் குருவம்மாள்தான் பரிமாறுவாள். அந்த அம்மாள் வாயைத் திறக்க மாட்டாள், ஆனால் அவர் எவ்வளவு திட்டினாரோ அதற்குத் தக்கபடி இலையில் கறி கூட விழும். இது தெரிந்து வேண்டுமென்றே அவரைக் கிளறிவிடுகிற ஆட்களும் ஊரில் இருந்தார்கள்.

எல்லாரையும்விட அதிகமாகத் திட்டு வாங்கியவன் கொடியரசன். எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ்ஸின் கண்டக்டர். பஸ்ஸை வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொல்லிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்து, மடமடவென்று அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவான். "தீப்பிடிச்ச வீட்டுக்குத் தண்ணி ஊத்துறது மாதிரி சோத்தை அள்ளி ஊத்துறான் பாரு, இவனுக்கெல்லாம் ஆக்கிப்போட்டு எங்கையி தேயுது" என்பார் பெத்தணசாமி. கொடியரசன் தலையை ஆட்டிக்கொண்டே தின்பான். அவனுக்கு மூன்று ஊரில் சாப்பிட வழி இருந்தது. மற்ற இரண்டு ஊரிலும் மரியாதையாகப் பேசுவார்கள். அவன் இங்கேதான் வந்தான்.

ஒரு புரட்டாசி மாதத்துப் பகலில், வெளியே வெயில் தார்ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தபோது, அந்தக் கூடத்துக்குள் மழை பெய்தது.

கூரை ஒழுகவில்லை, தகரத்தின் மேல்பக்கம் காய்ந்து சுட்டுக்கொண்டிருந்தது, உள்பக்கம் தகரத்துக்குக் கீழேயிருந்து, பொடி மழையாகத் தொடங்கி, மண்வாசனையோடு பெய்தது. அடுப்படி நிலைவாசல்வரை வந்து, அங்கே தொங்கவிட்ட நூல்திரை மாதிரி நின்றுகொண்டது. ஒரு சொட்டுகூட அடுப்பில் விழவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பதறி எழப்போனார்கள். பெத்தணசாமி கையில் கரண்டியோடு அடுப்படியிலிருந்து வந்து மழையை ஒருமுறை முறைத்தார், பிறகு எங்களை முறைத்தார்.

"எவனாச்சும் எந்திரிச்சீக, இனி இந்தக் கடைப் பக்கம் தலைவச்சுப் படுக்கக் கூடாது. வந்தது மழைதான? தின்னுங்க."

யாரும் எழவில்லை. இடது கையை இலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைத்து, தின்று முடித்தோம். கடைசி இலை மூடியதும் மழை நின்றது. மறுநாள் முதல் இலையில் முதல் வாய் சோறு உள்ளே போனதும் மறுபடியும் பெய்தது. அப்படியே அது வழக்கமாகிவிட்டது.

ஏன் பெய்கிறது என்று ஒரு வாரம் பேசினோம், அப்புறம் விட்டுவிட்டோம். எப்படி நனையாமல் சாப்பிடுவது என்பதுதான் எங்களுக்குப் பெரிய கேள்வியாக இருந்தது. முதலில் குடை கொண்டுபோனோம், பெத்தணசாமி பிடுங்கி வெளியே எறிந்தார், குடையிலிருந்து வழிகிற தண்ணீர் பக்கத்து இலையில் விழும் என்பது அவர் நியாயம். தொப்பியும் கூடாது, தொப்பி போட்டுச் சாப்பிடுவது சோற்றுக்கு மரியாதையில்லை. கடைசியில் முதுகுதான் குடை என்றானது. முதுகு அகலமானவர்களுக்கு மதிப்புக் கூடியது, ஒல்லியானவர்கள் அவர்களுக்கு அருகில் இடம் பிடிக்க முந்தினார்கள், பெண் கேட்டு வந்த இடத்தில் மாப்பிள்ளை நல்ல முதுகுக்காரன் என்று சொல்லுகிற அளவுக்குப் போனது. எதிரே துணிக்கடை வைத்திருந்த முஸ்தபா ராவுத்தர் கடை வாசலில் கயிறு கட்டித் துண்டுகளைத் தொங்கவிட்டார், நனைந்து வந்தவர்கள் எடுத்துத் துவட்டிக்கொண்டு திரும்பக் காயப்போட்டுவிட்டுப் போகலாம். அரசு ஆபீஸ்களில் பகல் கழிந்ததும் ஈரத்தலையோடு இருக்கிற ஆட்கள் அன்றைக்குக் கறிச்சோறு தின்றவர்கள் என்று தெரிந்துவிடும், மனு கொடுக்க வந்தவர்கள் ஈரத்தலை பார்த்து மேசைக்குப் போனார்கள், ஏனென்றால் அந்த மேசையில் அன்றைக்கு எரிச்சல் இருக்காது. வானிலை ஆபீஸிலிருந்து ஒருவர் அளவுக் குப்பியோடு வந்தார். இலையில் சோறு ஆறிக்கொண்டிருக்க அவர் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவருக்கும் குப்பிக்கும் வெளியே வழி காட்டப்பட்டது.

இதற்கிடையில் இன்னொன்று நடந்தது. கூடத்துத் தண்ணீர் வாசல் கால்வாயில் இறங்கி, தெருவோரமாக ஓடி, பள்ளம் பார்த்துப் போய், ஊருணியில் விழுந்தது. எங்கள் ஊருணி பொட்டலாகக் கிடந்து வெகுகாலமாகிவிட்டிருந்தது, அதில் பையன்கள் கிரிக்கெட் விளையாடினார்கள். முதலில் நடுவில் ஒரு ஈரம் கண்டது, பிறகு கணுக்கால் ஆழம், தை மாதம் பிறக்கும்போது படிக்கட்டில் மூன்று படி முங்கியிருந்தது, எங்கிருந்தோ நாரை வந்தது, லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசை வைத்துக் காத்துக்கிடந்த பெண்கள் ஊருணிக்கு நடந்தே போய் மோந்து வந்தார்கள். அந்தத் தண்ணீரில் லேசாகக் கறிக்குழம்பு மணம் அடித்தது. யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

பிறகு வெளியூர்க்காரர்கள் வரத் தொடங்கினார்கள்.

மதுரையிலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் காரில் வந்தார்கள். கூடத்துக்குள் மழை பெய்கிற படம் எல்லார் செல்போனிலும் சுற்றியது. அவர்கள் எங்களைப் போல முதுகை வளைக்கவில்லை. இலையைப் போட்டுச் சோறும் வாங்கிவிட்டு, ஒரு வாய் தின்றதும் மழை வந்துவிடுகிறதா, அதோடு சோற்றை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள், வாயைத் திறந்து மழையைக் குடித்தார்கள், எழுந்து கைகளை விரித்துச் சுற்றினார்கள். பெத்தணசாமி கத்தினார், அவர்கள் அதையும் படம் எடுத்தார்கள். மழையைப் போல அவர் கோபமும் பார்ப்பதற்கு ஒன்றாகிவிட்டது. எங்களுக்கு அது என்னவோ மாதிரி இருந்தது. எங்களைத் திட்டுகிறவரை வெளியாட்கள் பார்த்துச் சிரிப்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் ஒரு பெரிய குடும்பம் வந்து மழையில் ஆடிவிட்டுப் போனது. அவர்கள் எழுந்துபோன பிறகு பெத்தணசாமி கூடத்துக்கு வந்தார். வரிசையாக இலைகள் கிடந்தன, மூடவில்லை, தின்னவுமில்லை. இலைகளில் தண்ணீர் தேங்கி, குழம்பு வெளுத்து, கறித்துண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. அவர் சத்தம் போடவில்லை. ஒரு இலையை இரண்டு கையாலும் தண்ணீர் சிந்தாமல் தூக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அவர் சத்தம் போடாததைப் பார்த்து நாங்கள் பயந்துபோனோம். மறுநாள் கடை திறக்கவில்லை.

ஒரு வாரம் போனால் சரியாகிவிடுவார் என்று நினைத்தோம். மாசி பிறந்தது. ஊருணியில் முங்கியிருந்த படிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஊரில் சண்டைகள் தொடங்கின, பழைய வரப்புத் தகராறு மறுபடியும் கோர்ட்டுக்குப் போனது, தாசில்தார் மேசையில் காகிதங்கள் எரிச்சலோடு நகர்ந்தன. நாங்கள் வேறு கடைகளில் சாப்பிட்டுப் பார்த்தோம், வாங்க உட்காருங்க என்றார்கள், இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றார்கள், எங்களுக்குத் தொண்டையில் இறங்கவில்லை.

பஞ்சாயத்துத் தலைவி ஆதிலட்சுமி நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு பெத்தணசாமி வீட்டு வாசலுக்குப் போனாள். நல்ல பெண், நேராகப் பேசுகிறவள், அன்றைக்கும் நேராகவே பேசிவிட்டாள்.

"அண்ணே, கடையத் திறங்க. ஊருணியில தண்ணி இறங்கிக்கிட்டே போகுது. ஊருக்காகத் திறங்க."

"நான் என்ன குழாயா, திருகினா வர்றதுக்கு" என்றார் பெத்தணசாமி. கதவு சாத்திக்கொண்டது.

அதற்கு மறுநாள் பகலில் கொடியரசன் போனான். பஸ்ஸை வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னான், உள்ளேயிருந்த பயணிகளிடம், "கொஞ்சம் பொறுங்க, சாப்பிட்டு வந்துர்றேன்" என்றான், கடை மூடியிருப்பது அவர்களுக்குத் தெரியும், ஆனாலும் சரி என்று தலையாட்டினார்கள். அவன் முன்வாசலுக்குப் போகாமல் சந்து வழியாகச் சுற்றிக் கொல்லைக் கதவைத் தட்டினான். குருவம்மாள் திறந்தாள். அடுப்படியில் ஒரு சின்னச் சட்டியில் இரண்டு பேருக்குமட்டும் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, பெத்தணசாமி முக்காலியில் உட்கார்ந்து கிளறிக்கொண்டிருந்தார்.

"மதினி, பசிக்குது" என்றான் கொடியரசன்.

"கடை கிடையாதுன்னு தெரியும்ல?" என்றார் பெத்தணசாமி திரும்பாமல்.

"தெரியும்ணே."

"மழை பாக்க வந்தியா?"

"எனக்கு மழை வேணாம்ணே. நனைஞ்சு நனைஞ்சு டிக்கெட்டெல்லாம் ஊறிப்போச்சு, மேலதிகாரிகிட்டத் திட்டு. இங்க அடுப்படியில மழை பெய்யாதுல்ல. இப்படி ஓரமா உக்காந்து தின்னுட்டுப் போயிர்றேன்."

பெத்தணசாமி கரண்டியை நிறுத்தினார். குருவம்மாள் அவரைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து கடைக்குள் பேசாத அந்த அம்மாள் அன்றைக்குப் பேசினாள்.

"அவன் மழை வேணாம்கிறான்ல, இப்பவாச்சும் சொல்லுங்க. மழை மேல எதுக்கு இம்புட்டுப் பொறாமை?"

அவர் பேசும்போது குரல் இறங்கிப்போயிருந்தது, அப்படி ஒரு குரல் அவருக்கு இருக்கும் என்று கொடியரசன் நினைத்ததே இல்லை.

"பொறாமைதான். நான் ஒருத்தன் வாயிலயும் நல்லாருக்குன்னு கேட்டதில்லை, கேக்கவும் பிடிக்காது. ஆனா இலைக்கு முன்னாடி எல்லாரும் தலையக் குனிஞ்சு இருந்தானுக. பெரிய அதிகாரி, கூலிக்காரன் எல்லாரும். அது எனக்குப் போதும்னு இருந்தேன். இப்ப எல்லாரும் அண்ணாந்து பாக்குறானுக. எனக்கு அங்க என்ன வேலை?"

கொடியரசன் விறகுக் கட்டுகளுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குருவம்மாள் இலை போட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு தின்றான். பஸ்ஸில் ஆட்கள் காத்துக்கிடக்க, அவசரப்படாமல், எலும்பைச் சூப்பி, ரசத்தைக் கையில் ஏந்திக் குடித்து, மெதுவாகத் தின்றான். புகையில் கண்ணில் தண்ணீர் வழிந்தது. எழுந்து கை கழுவும்போது, "நாளைக்கும் வருவேண்ணே" என்றான். வரக்கூடாது என்று பெத்தணசாமி சொல்லவில்லை.

அடுப்படியில் கேட்டதை அவன் பஸ்ஸில் சொன்னான், அது ஊரெங்கும் போனது. மறுநாள் அவனோடு முஸ்தபா ராவுத்தர் போனார். அதற்கு மறுநாள் தாசில்தார் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அம்மிக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். யாரும் கூடி முடிவெடுக்கவில்லை, ஆனாலும் ஒருவர்கூட மழை என்ற சொல்லை அந்தக் கொல்லைப்பக்கம் சொல்லவில்லை. குழம்பு வைத்த சட்டி பெரிதாகியது, பிறகு பழைய அண்டா இறங்கியது. அடுப்படியில் இடமில்லாமல் ஒருவர் முழங்கால் ஒருவர் விலாவில் இடிக்க உட்கார்ந்தோம், வேர்வை இலையில் சொட்டியது, உலைமூடியின் ஆவி காதைச் சுட்டது, புகையில் இருமிக்கொண்டே தின்றோம். கூடம் அந்தப் பக்கம் காலியாக, காய்ந்து, தூசி படிந்து கிடந்தது. வெளியூர்க் கார்கள் வந்து பூட்டிய முன்வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பின.

ஊருணியில் கடைசியாகச் சேறு மட்டும் இருந்த அன்று ஆதிலட்சுமி வந்தாள். காலையில் இரண்டு மைல் நடந்து போய்த் தோட்டத்துக் கிணற்றில் தண்ணீர் எடுத்துவந்திருந்தாள், சும்மாடு வைத்த இடத்தில் முடி கலைந்திருந்தது. கதவோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவள் கேட்டுவிடுவாள் என்று எங்களுக்குத் தோன்றியது, கேட்டாலும் தப்பில்லை, ஊரே தவித்துக் கிடந்தது. அவள் குழம்பை ஊற்றிப் பிசைந்து குனிந்து தின்றாள்.

பெத்தணசாமியால் பொறுக்க முடியவில்லை. கரண்டியோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

"என்ன, ஒண்ணும் கேக்காம திங்கிற? தண்ணி வேணும்னு கேக்க வேண்டியதுதான?"

ஆதிலட்சுமி வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னாள்.

"சோறு திங்க வந்தேண்ணே. தண்ணியக் கிணத்துல எடுத்துக்கிர்றோம். இந்தக் குழம்பை எங்க போயி எடுக்கிறது?"

சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். அடுப்படியில் யாரும் நிமிரவில்லை. பெத்தணசாமி அந்தத் தலைகளை ஒரு பக்கமிருந்து மறுபக்கம் பார்த்தார், அவர் மூக்கு சிவந்தது, என்ன செய்யப்போகிறாரோ என்று நாங்கள் சோற்றைக் கையில் பிடித்துக்கொண்டே காத்திருந்தோம், அப்போது பல நாட்களாக ஊர் கேட்காமல் இருந்த அந்தச் சத்தம் வந்தது.

"எந்திரிங்க எல்லாரும். இது அடுப்படியா, சந்தையா? திரும்பினா ஒருத்தன் கால், குனிஞ்சா ஒருத்தன் தலை, இதுக்குள்ள நான் எப்படிச் சோறு வடிக்கிறது? மனுசன் உக்காரத்தான கூடம் கட்டி வச்சுருக்கேன். இலையத் தூக்கிக்கிட்டு அங்க போங்க. போங்கன்னா."

இலைகளை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு நாங்கள் நிலைவாசலைத் தாண்டினோம். குருவம்மாள் முன்வாசல் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டாள், வெயில் தரையில் நீளமாக விழுந்தது. தூசியைத் தட்டி உட்கார்ந்தோம். எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம், இத்தனை நாள் பேசாமல் வைத்திருந்ததை நினைத்து யாருக்கும் முதல் வாய் எடுக்கக் கை வரவில்லை, பெய்யாமல் போய்விட்டால் என்ற பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. கொடியரசன்தான் எடுத்தான். அவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

அவன் கழுத்தில் முதல் சொட்டு விழுந்தது. பிறகு எல்லார் மேலும் விழுந்தது. பொடி மழையாக இல்லை, சேர்த்துவைத்ததெல்லாம் கொட்டுகிற மாதிரி, தகரத்தின் உள்பக்கத்திலிருந்து சடசடவென்று வந்தது. கால்வாய் நிறைந்து வாசலைத் தாண்டித் தெருவில் இறங்குகிற சத்தம் கேட்டது, வெளியே பெண்கள் யாரையோ கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள். ஆதிலட்சுமி எழுந்து போய்ப் பார்க்கவில்லை. முதுகுகளை வளைத்து, இடது கையைக் கவிழ்த்து, இலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நாங்கள் தின்றுகொண்டிருந்தோம்.

குருவம்மாள் வரிசையின் கடைசியில் ஒரு இலை போட்டாள். அது யாருக்கென்று எங்களுக்கு விளங்கவில்லை. அவள் அடுப்படிக்குள் போய் பெத்தணசாமியின் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு அவரை முதுகில் தள்ளிக்கொண்டு வந்தாள். அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்து, கொடியரசனுக்கு அடுத்த இடத்தில், ஈரத்தரையில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து தின்று நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அவருக்கு மழையில் சாப்பிடத் தெரியவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், குழம்பில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. கொடியரசன் கொஞ்சம் நகர்ந்து, தன் முதுகை அவர் இலைப் பக்கமாகச் சாய்த்துக் கொடுத்தான்.

"ஒழுங்கா உக்காருடா, இடிக்காத" என்றார் அவர்.

"பேசாம சாப்பிடுங்கண்ணே, ஆறிப்போகும்" என்றான் கொடியரசன்.

அவர் குனிந்து சாப்பிட்டார். தின்று முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவர் இலையை மூடியதும் மழை நின்றது, நாங்கள் எதிரே ராவுத்தர் கடைக்குப் போய்த் துண்டை எடுத்துத் தலையைத் துவட்டிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனோம், பஸ் வேப்பமரத்தடியிலிருந்து கிளம்பியது.